ஏழாவது தாள்

போர்ட்கார்வா, ஸ்காட்லாந்து
12 அக்டோபர் 2009

அன்புத் தங்கை ஷோனாவுக்கு,

அக்கா எஃபி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? கனடாவில் குளிர் ஆரம்பித்திருக்குமே, கம்பளிக் காலுறை போட்டுக்கொள்.

போனில் பேசக்கூடாதா என்று கேட்டிருந்தாய். எங்கள் வீட்டுப் போன் கூடத்தில் இருக்கிறது. பேசினால் மாடிவரை கேட்கும். எனக்குக் கடிதம்தான் சரிப்படுகிறது.

ஒரு சேதி சொல்கிறேன், சிரிக்காதே. எங்கள் ஊர் மது லைசென்ஸ் ஆலோசனைக் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். புதுச் சட்டம் வந்திருக்கிறதல்லவா, அதனால் ஏழு பேர் கொண்ட குழு. எந்தக் கடையில் எத்தனை மணிவரை விற்கலாம், யார் விற்க லாயக்கு என்று மாவட்ட வாரியத்துக்கு நாங்கள் யோசனை சொல்ல வேண்டும். முடிவு அவர்கள் கையில். போதகர், போலீஸ்காரர், நர்ஸ், துறைமுகத்தில் மது விடுதி நடத்தும் டோலீனா எல்லோரும் இருக்கிறார்கள். "முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையை அதட்டி நடத்தினவங்க, எங்களை அதட்டமாட்டீங்களா?" என்றார் போதகர். எனக்கும் மறுக்க மனசில்லை. உண்மையைச் சொன்னால், பெருமையாகத்தான் இருந்தது.

கவுன்சில் அதிகாரி பீட்டி ஆளுக்கொரு தாள் அனுப்பியிருக்கிறார். 'இந்தக் குழுவில் பணியாற்ற உங்களுக்கு எந்தப் பயிற்சி தேவை?' என்று கேள்வி. பெயர் எழுத வேண்டாம், உறையில் போட்டு ஒட்டி அனுப்பினால் போதும். சட்டம் படித்தவர்களுக்கே புரியாத சட்டம், எங்களுக்குப் பயிற்சி வேண்டியதுதான். என் தாளையும் எழுதி அனுப்பிவிட்டேன்.

உன் அத்தானுக்குச் சளி. அதனால்தான் அவர் தனியாக எழுதவில்லை. டோலீனாவின் விடுதிக்குக்கூட இப்போதெல்லாம் போவதில்லை. அங்கே கணப்பு புகைகிறதாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா எஃபி


ஆன்டிகோனிஷ், நோவா ஸ்கோஷியா
30 அக்டோபர் 2009

மாண்புமிகு தலைவி அக்காவுக்கு,

ஷோனா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் பழையபடிதான், மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் அழுகிறது. மற்றபடி சுகம்.

சிரிக்காதே என்றால் எப்படி? கண்ணாடி இல்லாமல் உன் பெயரையே உன்னால் படிக்க முடியாது, நீ சட்டம் படிக்கப்போகிறாயா? சித்தி மகள் கொலீனின் கல்யாணத்தில் பாட்டு எண்ணைத் தப்பாகப் படித்து, சர்ச் முழுக்கச் சாவுப் பாட்டு பாடவைத்தாயே, அந்த மாப்பிள்ளை முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டி மாட்டிக்கொண்டு போ.

அத்தானுக்கு ஆகஸ்டிலும் சளி என்றுதான் எழுதியிருந்தாய். டாக்டரிடம் காட்டினீர்களா? படகுத் துறையில் நாற்பது வருஷம் மழையில் நின்றபோது வராத சளி, ஓய்வு பெற்று வீட்டுக்குள் உட்கார்ந்ததும் வருகிறதா? ஒரு வரியாவது எழுதச் சொல். அவர் கிண்டல் இல்லாமல் கடிதம் உப்பில்லாமல் இருக்கிறது.

அன்புடன்
ஷோனா


போர்ட்கார்வா
19 நவம்பர் 2009

அன்பு ஷோனாவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே சுகம். மழைதான் விடவில்லை. முழங்காலுக்குச் சூடு வைத்துப் பார்.

செவ்வாய்க்கிழமை முதல் கூட்டம் நடந்தது. நான் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு. பயிற்சித் தாள்களைப் பீட்டி தன் ஆபீஸிலேயே படித்து வைத்திருப்பார் என்று நினைத்தேன். அந்த மனிதர் ஏழு உறைகளையும் பிரிக்காமல் கொண்டுவந்து, எல்லோர் எதிரிலும் எண்ணி என் முன்னால் அடுக்கினார். "நான் பிரிச்சுப் படிச்சா கவுன்சில்காரன் வேவு பாக்குறான்னு சொல்வீங்க. தலைவியே படிச்சுக் காட்டட்டும்" என்றார்.

படித்தேன். வேடிக்கைதான் போ. 'பவுடர் பூசின பெண் பிள்ளைக்குப் பதினெட்டு ஆகிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?' அது போலீஸ்காரர் எழுதியது, சந்தேகமே வேண்டாம். 'வோட்காவுக்கு வாசனை உண்டா?' அது நம் போதகர். இன்னொருவருக்கு நல்ல பிஸ்கட் வாங்கப் பயிற்சி வேண்டுமாம். கூடம் கலகலத்தது. ஏழாவது உறையைப் பிரிக்கும்போது தேநீர் ஆவியில் கண்ணாடி மங்கிவிட்டது. கழற்றி மடியில் வைத்துவிட்டுப் படித்தேன். அதில் யாரோ இப்படி எழுதியிருந்தார்கள்: 'குடிக்கிறவர் என் வீட்டிலேயே இருந்தால் என்ன சொல்வது என்று சொல்லிக்கொடுங்கள். ஊராருக்குச் சொல்ல வாய் வருகிறது. வீட்டில் வரவில்லை.'

சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. போதகர் மாதிரி பிரசங்கக் குரலில் இழுத்து நானே இன்னொரு தடவை படித்து, "பாவம், வழி தவறி இங்க வந்துட்டாங்க போல. டாக்டர் வீடு அடுத்த தெருவுல" என்றேன். திரும்பவும் எல்லோரும் சிரித்தார்கள். டோலீனா சிரிக்கவில்லை. நாற்காலி அடுக்க வந்திருந்த அவள் புருஷன் ரோரி, கையில் இருந்த தேநீரை மேஜைத் துணி முழுக்கக் கொட்டிவிட்டான். இருவரும் பிஸ்கட்கூட எடுக்காமல் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் புதன்கிழமை. சர்ச் கூடத்தில் வயசானவர்களுக்கு சூப் போடும் நாள். வழக்கம்போல நானும் டோலீனாவும்தான் கேரட் நறுக்கினோம். அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அத்தான் சீக்கிரமே படுத்துவிட்டார்.

அன்புடன்
அக்கா


ஆன்டிகோனிஷ்
8 டிசம்பர் 2009

அன்பு அக்காவுக்கு,

ஷோனா எழுதுவது. நலம். பனி கொட்டுகிறது, வாசலைப் பெருக்கிப் பெருக்கி இடுப்பு போய்விட்டது. கிறிஸ்துமஸ் கேக் தபாலில் வருகிறது.

போதகரின் வோட்காவுக்கு வாய்விட்டுச் சிரித்தேன். ஏழாவது தாளுக்குச் சிரிக்க முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே, கேட்டுவிடுகிறேன். எழுதியவர் அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார் அல்லவா? ஏழு பேரில் ஒருவர்தானே? அவர் காது கேட்க நீ அப்படிப் பேசியிருக்கிறாய். நம் வீட்டில் பிறந்தவள் பேசுகிற பேச்சா அது? அப்பா துறையிலிருந்து விழுந்து எழுந்து வரும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலில் நின்று சிரித்தார்களே, அதை நீ மறந்துவிட்டாயா?

சரி, விடு. அது யார் என்று தெரிந்ததா?

அத்தானிடமிருந்து ஒரு வரி. ஒரே ஒரு வரி.

ஷோனா


போர்ட்கார்வா
11 ஜனவரி 2010

அன்பு ஷோனாவுக்கு,

புது வருஷம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும். கேக் உடையாமல் வந்து சேர்ந்தது. நாங்கள் சுகம்.

அது யார் என்று கேட்டிருந்தாய். நான் ஒன்றும் சொல்லவில்லை, ஊரே முடிவு செய்துவிட்டது. தாள் டோலீனாவுடையதாம், குடிகாரன் ரோரியாம். அவள் சிரிக்கவில்லை, அவன் தேநீரைக் கொட்டினான், வேறென்ன சாட்சி வேண்டும் இவர்களுக்கு? ரோரிக்குக் கை நடுங்குவதை இப்போது எல்லோரும் உற்றுப் பார்க்கிறார்கள். ரொட்டிக் கடையில் ஒருத்தி என் காதில் படவே சொன்னாள்: "சாராயக்கடைக்காரனே சரக்கைக் குடிச்சா கல்லா எப்படி நிறையும்?" பக்கத்திலிருந்தவள், "நம்ம எஃபிதான் அன்னிக்குப் பளிச்சுன்னு சொன்னாங்களே" என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. யாரோ வாரியத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். விடுதிக்காரரே குடித்துவிட்டு பாரில் நிற்கிறார், லைசென்ஸைத் திரும்ப விசாரிக்க வேண்டும் என்று. ஏப்ரல் 13 விசாரணை. லைசென்ஸ் போனால் விடுதி போயிற்று, அவர்களுக்கு வேறு பிழைப்பில்லை. டோலீனா இதில் சம்பந்தப்பட்டவள் ஆகிவிட்டதால் அவளை விட்டுவிட்டு, குழுவின் கருத்தை நான் எழுத வேண்டுமாம்.

போன புதன்கிழமை சூப்புக்கு வெங்காயம் உரித்தபோது கேட்டேன், "ரோரி எப்படி இருக்கான்?" என்று. "இருக்கான்" என்றாள். அவ்வளவுதான்.

அன்புடன்
அக்கா


ஆன்டிகோனிஷ்
29 ஜனவரி 2010

அக்கா,

நலம். நலம் கேட்டு எழுதுவதை இத்தோடு முடித்துக்கொள்கிறேன், விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் 'எஃபி, டார்க்வில்' என்று இரண்டு பெயர் இருந்தது. இரண்டும் உன் கையெழுத்து. அத்தான் 'டா'வுக்கு வால் வைத்து எழுதுவார், எனக்குத் தெரியாதா?

அம்மா பாஸ்டன் அத்தைக்கு எழுதிய கடிதங்கள் என்னிடம்தான் இருக்கின்றன. நேற்று எடுத்துப் பார்த்தேன். அப்பாவுக்கு வருஷம் முழுக்கச் சளி. 'சளியினால் துறைக்குப் போகவில்லை.' 'சளி, சீக்கிரமே படுத்துவிட்டார்.' நீ எழுதும் வார்த்தைகளையே அம்மா எழுதியிருக்கிறாள், அக்கா. படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அந்தத் தாளை எழுதியது நீதானே?

ஷோனா


போர்ட்கார்வா
2 மார்ச் 2010

அன்பு ஷோனா,

ஒரு மாதமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நீ கேட்டது சரி. நான்தான்.

அத்தான் ஓய்வு பெற்ற வருஷத்திலிருந்து இப்படி. காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறார். கத்துவதில்லை, அடிப்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே கரைந்துபோகிறார். நான் வேலைக்காரி மாதிரி கிளாஸைக் கழுவி வைக்கிறேன். என்னைப் போய்த் தலைவியாக்கினார்கள். அந்தக் கேள்வியைப் பார்த்ததும் என்னமோ கை தானாக எழுதிவிட்டது. தூரத்தில் இருக்கும் முகம் தெரியாத அதிகாரி படிப்பார், பாடம் நடத்த யாரையாவது அனுப்புவார், நானும் ஏழு பேரில் ஒருத்தியாக உட்கார்ந்து கேட்டுக்கொள்வேன் என்று நினைத்தேன். என் வாயாலேயே படிக்க வேண்டி வரும் என்று கண்டேனா? பீட்டி ஏழு உறையை எண்ணி வைத்துவிட்டார், மறைக்கவும் முடியவில்லை. அந்த நேரத்தில் கேலி ஒன்றுதான் வாயில் வந்தது.

இன்னொன்றையும் மறைத்தேன். டோலீனாவின் கணப்பு புகையவில்லை. இரண்டு வருஷமாக அவள் அத்தானுக்கு ஒரு சொட்டு ஊற்றுவதில்லை. "உங்களுக்கு ஊத்தமாட்டேன் டார்க்வில், கோவிச்சுக்குங்க பரவால்ல" என்று சொல்லி, பெரிய தெரு வழியாக வந்தால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று கடற்கரைப் பாதையில் கையைப் பிடித்து வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டிருக்கிறாள். ஒரு தடவையல்ல, ஐந்தாறு தடவை. அதற்கப்புறம்தான் அவர் டவுனிலிருந்து வாங்கி வந்து வீட்டில் வைத்துக் குடிக்க ஆரம்பித்தார்.

இப்படிப்பட்டவளின் லைசென்ஸைப் பற்றி நான் கருத்து எழுத வேண்டும். எழுதியும்விட்டேன். 'இது தொடர்பாகக் குழுவுக்கு எதுவும் தெரியாது; குழு கருத்துக் கூற விரும்பவில்லை.' இதில் பொய் எங்கே என்று நீ கேட்பாய். முதல் வரியிலேயே இருக்கிறது.

வெட்கத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஆனால் வாயைத் திறந்தால் நாளை முதல் அவர் தெருவில் எப்படி நடப்பார்? நான் எப்படி நடப்பேன்?

எஃபி


ஆன்டிகோனிஷ்
16 மார்ச் 2010

அன்பு அக்கா,

பக்கத்தில் இருந்தால் உன்னைக் கட்டிக்கொள்வேன். அப்புறம் இரண்டு வார்த்தை நறுக்கென்று கேட்பேன். பக்கத்தில் இல்லை, அதனால் இரண்டையும் இதிலேயே வைத்துக்கொள்.

அத்தானைப் பற்றி எனக்குக் கோபமில்லை. துறைக்கு முதல் ஆளாகப் போய்க் கயிறு பிடித்த அத்தான், என்னைக் கப்பலேற்றிவிட்ட அன்று எனக்குத் தெரியாமல் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்ட அத்தான், அவரா நாற்காலியில் கரைந்துபோகிறார் என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. அவரை டாக்டரிடம் கூட்டிப்போ. அவரிடம் பேசு.

கோபமெல்லாம் உன்மேல்தான். உன் தெருவில் நடக்க முடியாதென்று நீ பயந்ததால், டோலீனா அவள் தெருவில் தலை குனிந்து நடக்கிறாள். அந்த எழுத்தைக் கிழித்துப் போடு. ஏழாவது தாளை எழுதியது நீதான், அது அத்தானைப் பற்றித்தான் என்று ஏப்ரல் 13க்கு முன்னால் அவள் வீட்டுக்குப் போய்ச் சொல். முடியாவிட்டால் அன்றைக்காவது எழுந்து நின்று சொல். சொல்லாவிட்டால் இனி எனக்கு 'எல்லோரும் சுகம்' என்று எழுதாதே.

உன் தங்கை
ஷோனா


போர்ட்கார்வா
6 ஏப்ரல் 2010

ஷோனாவுக்கு,

டார்க்வில் எழுதுகிறேன். ஒரு வரி கேட்டுக்கொண்டே இருந்தாயாம். எழுத்து கோணலாக இருக்கும். காலை நேரம், கை இன்னும் எனக்கு அடங்கவில்லை.

உன் கடிதம் மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. அந்த இடத்தில் நான் தேடியது வேறு ஒன்றை. உன் பெயரைப் பார்த்ததும் படித்துவிட்டேன், மன்னித்துக்கொள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் படித்துவிட்டு வைத்திருப்பேன். கப்பலேற்றிவிட்ட நாளைப் பற்றி எழுதியிருக்கிறாய். நீ பார்க்கவில்லை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

அந்தத் தாள் எஃபி எழுதியது என்றே எனக்குத் தெரியாது. ரோரியை ஊர் பேசுவது தெரியும். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அவன் என் படகில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவன்.

எஃபி இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நான் படித்ததை அவளிடம் சொல்லாதே.

குடியை விடுகிறேன் என்று உனக்குச் சத்தியம் செய்யமாட்டேன். அப்படிப் பல சத்தியம் செய்தாயிற்று.

டார்க்வில்


போர்ட்கார்வா
22 ஏப்ரல் 2010

அன்பு ஷோனாவுக்கு,

எல்லோரும் சுகம் என்று இந்தத் தடவை எழுதப்போவதில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் எழுது.

விசாரணைக்குப் போகும்போது என் பையில் இரண்டு தாள் இருந்தது. ஒன்று முன்பே எழுதிய பொய். இன்னொன்று நீ சொன்னபடி எழுதிய உண்மை. டவுன் பஸ்ஸில் ஏறியதிலிருந்து உண்மையைத்தான் படிப்பது என்று முடிவு செய்திருந்தேன். வாரியத் தலைவர் என் பெயரைக் கூப்பிட்டார். எழுந்தேன். எதிரே டோலீனா ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ரோரி கையைத் தொடைக்கடியில் வைத்து மறைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடியை ஒழுங்காக மாட்டிக்கொண்டு, ஷோனா, நான் பொய்யைத்தான் எடுத்துப் படித்தேன். ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

உட்காரப் போனேன். பின்வரிசையில் நாற்காலி நகர்ந்த சத்தம். உன் அத்தான். எனக்குத் தெரியாமல் அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறார். கல்யாண டை கட்டியிருந்தார். தைரியத்துக்குக் குடித்தும் இருந்தார், மறைக்க முடியாத அளவுக்கு.

"ஐயா, உட்காருங்க" என்றார் தலைவர்.

"உக்காந்தா எந்திரிக்க முடியாதுங்க. நின்னே சொல்லிடறேன்."

யாரோ சிரித்தார்கள். நான் சொன்ன கேலிக்குச் சிரித்த அதே சிரிப்பு.

"வீட்டுல குடிக்கிற ஆளுன்னு ஒரு தாள் வந்துச்சாமே, அது ரோரி இல்ல. நான்தான். இந்தம்மா டோலீனா ரெண்டு வருஷமா எனக்கு ஊத்தமாட்டேன்னுட்டாங்க. நான் திட்டாத திட்டில்ல. அப்பவும் கையைப் புடிச்சு வீட்டுல கொண்டாந்து விட்டாங்க. இவங்க லைசென்ஸைப் புடுங்குனா, அப்புறம் என்னை மாதிரி ஆளுக்கு ஊத்தமாட்டேன்னு சொல்ல இந்த ஊர்ல யாரு இருக்கா?"

"அந்தத் தாளை எழுதியது யார்?" என்று தலைவர் கேட்டார்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "அது எனக்குத் தெரியாதுங்க" என்றார். அந்த நிலையிலும் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

"நான்தான்" என்றேன். குரல் வரவில்லை போலிருக்கிறது. "சத்தமாகச் சொல்லுங்கள் அம்மா, பதிவு செய்ய வேண்டும்" என்றார் எழுத்தர். அதனால் இரண்டாம் தடவை கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. என் கையில் பொய்த் தாள் அப்படியே இருந்தது.

அப்போதுதான் ரோரி தொடைக்கடியிலிருந்து கையை எடுத்து மேஜைமேல் வைத்தான். "பாத்துக்குங்க. இது சாராயம் இல்ல, நரம்பு. டாக்டர் போன வருஷமே சொல்லிட்டாரு. வெளிய சொல்ல எனக்குத்தான் மனசு வரல" என்றான். மேஜை டகடகவென்று ஆடியது. யாரும் சிரிக்கவில்லை. லைசென்ஸ் அப்படியே இருக்கட்டும் என்று கால் மணியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

பஸ் நிறுத்தத்தில் டோலீனா பக்கத்தில் வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும், எஃபி. கண்ணாடியைக் கழட்டி மடியில வச்சுட்டு, ஒரு எழுத்துத் தடுக்காம படிச்சியே. கண்ணாடி இல்லாம சூப் டப்பா மேல இருக்கிறதைக்கூட என்கிட்டதானே கேப்ப?"

"அப்புறம் ஏன் டோலீனா சொல்லல? ஊரே உங்களைப் பேசிச்சே."

"உன் வீட்டுச் சங்கதியை நான் எப்படிச் சொல்றது? புதன்கிழமை வருவ, கேரட் நறுக்கும்போது சொல்லுவன்னு பாத்தேன். ஒவ்வொரு புதனும் பாத்தேன்."

வீட்டுக்கு வந்து காலண்டரை எடுத்துப் பார்த்தேன். கிறிஸ்துமஸ் வாரங்களைத் தள்ளினால் பத்தொன்பது புதன். பத்தொன்பது புதன்கிழமை அவளுக்கு எதிரே உட்கார்ந்து, ரோரி எப்படி இருக்கிறான் என்று வேறு கேட்டிருக்கிறேன்.

தலைவி பதவியை விட்டுவிடுகிறேன் என்று பீட்டியிடம் சொன்னேன். "பயிற்சி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். மே மாதம் பயிற்சி. ஏழாவது தாளையும் பாடத்தில் சேர்த்திருக்கிறாராம், அதை நடத்த க்ளாஸ்கோவிலிருந்து ஓர் அம்மாள் வருகிறாராம். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கப்போகிறேன். அத்தான் டாக்டரிடம் ஒரு தடவை வந்தார். இரண்டாம் தடவை வரவில்லை. காலையில் கிளாஸைக் கழுவி வைப்பதை மட்டும் நான் நிறுத்திவிட்டேன்.

விசாரணைக்கு அடுத்த நாள் சூப்புக்குப் போக எனக்கு முகமில்லை. நேற்று போனேன். டோலீனா எனக்கொரு கத்தியும் கேரட்டும் எடுத்து வைத்தாள். "டோலீனா, என் வீட்டுக்காரர் குடிக்கிறார்" என்றேன். ஊருக்கே தெரிந்த விஷயம், ஆனால் அவளிடம் நான் சொன்னதில்லையே.

"தெரியும்" என்றாள். "சின்னதா நறுக்கு, வயசானவங்களுக்குப் பல்லு இல்ல."

உன் அக்கா
எஃபி